காதைப் பொத்திக்கொண்ட குழந்தை சொன்ன செய்தி

பத்திரிகைத் துறைக்குள் நுழையும் இளம் நிருபர் ஒருவருக்கு ஆசிரியபீடத்தில் முதலில் சொல்லிக்கொடுக்கப்படும் விதிகளில் ஒன்று, சம்பந்தப்பட்டவரின் தரப்பைக் கேட்காமல் எந்தச் செய்தியையும் அச்சுக்கு அனுப்பக்கூடாது என்பதாகும். பல தசாப்தங்களை அந்தத் துறையில் கழித்த எனக்கு, மருத்துவ வரலாற்றின் ஓர் அத்தியாயத்தை வாசிக்கும்போதெல்லாம் அந்த விதி ஞாபகத்துக்கு வருகிறது. ஓட்டிசம் உள்ள குழந்தைகள் சத்தத்துக்கும் வெளிச்சத்துக்கும் தொடுகைக்கும் ஏன் துடித்துப்போகிறார்கள் என்ற கேள்விக்கு மருத்துவ உலகம் விடைதேடிய கதையே அந்த அத்தியாயம். குழந்தை காதைப் பொத்திக்கொண்டு ஓடியதை, ஓட்டிசம் பற்றிப் பெரிதும் அறியப்பட்ட முதலாவது ஆய்வுக் கட்டுரையிலேயே மருத்துவர் ஒருவர் எழுதிவைத்துவிட்டார். ஆனால், அந்தச் செய்கை நோய் நிர்ணய நூலில் ஓர் அளவுகோலாக இடம்பெறுவதற்கு 70 வருடங்கள் சென்றன.

வரலாற்றுக்குள் செல்வதற்கு முன்னர் விடயத்தைச் சுருக்கமாக விளக்கிவிடுவது நல்லது. எமது அன்றாட வாழ்வில் ஒரே நேரத்தில் எத்தனையோ புலனுணர்வுகள் எம்மை வந்தடைகின்றன. தெருவில் பாண் விற்க வரும் முச்சக்கரவண்டியின் இசை, சமையலறையில் பிறஷர் குக்கரின் விசில், தலைக்கு மேலே சுழலும் மின்விசிறி, அயல் வீட்டுக் கருவாட்டு மணம், கஞ்சி போட்டு மினுக்கிய பாடசாலைச் சட்டையின் கழுத்துப்பட்டி உராய்வது என்று அவற்றை அடுக்கிக்கொண்டே போகலாம். எம்மில் அநேகரது மூளை அவசியமானதை மாத்திரம் முன்னுக்கு எடுத்துக்கொண்டு ஏனையவற்றைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. ஓட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்கு அவ்வாறு பின்னுக்குத் தள்ள முடிவதில்லை. எல்லாமே ஒரே உரப்பில் வந்து சேருகின்றன. ஓர் எல்லைக்கு மேல் தாங்கமுடியாமல் போகும்போது குழந்தை அலறுகிறது, நிலத்தில் விழுந்து புரளுகிறது, தன் கையைத் தானே கடிக்கிறது, அல்லது எதையும் கேட்காதது போன்று உறைந்து நிற்கிறது. இந்த நிலையைப் புலன் மிகைச்சுமை என்று அழைக்கலாம். எமது ஊர்களில் இதற்குக் 'குழப்படி' என்றும் 'பிடிவாதம்' என்றும் பெயர் சூட்டப்படுகிறது. நாவூறு என்று சொல்லிப் பார்வை பார்க்கவும் நூல் கட்டவும் கொண்டுசெல்பவர்களும் இருக்கிறார்கள்.

ஓட்டிசம் என்ற பதத்தை முதலில் உருவாக்கியவர் சுவிற்சர்லாந்து உளமருத்துவர் யூஜின் புளொய்லர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனச்சிதைவு நோயாளர்கள் தமக்குள்ளேயே ஒடுங்கிவிடும் தன்மையைக் குறிப்பதற்கு அவர் அதைப் பயன்படுத்தினார். குழந்தைகளிடம் காணப்படும் தனியானதொரு நிலையின் பெயராக அது பரவலாக அறியப்பட்டது 1943ஆம் ஆண்டில். அமெரிக்காவின் பால்ரிமோர் நகரில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் பணியாற்றிய லியோ கானர் அந்த வருடம் 11 குழந்தைகளைப் பற்றி நீண்டதொரு கட்டுரையை வெளியிட்டார். எட்டு ஆண் குழந்தைகள், மூன்று பெண் குழந்தைகள். அவர்களில் முதலாமவராக விபரிக்கப்பட்ட மிசிசிப்பி மாநிலத்தின் டொனால்ட் ரிப்ளெற், வங்கியில் பணிபுரிந்து, தனது சொந்த ஊரிலேயே வாழ்ந்து, 2023 ஜூனில் 89 வயதில் காலமானார்.

கானர் கூர்மையான அவதானி. தூசு உறிஞ்சி, மின்தூக்கி, ஓடும் தண்ணீர், முட்டை அடிக்கும் கருவி, விசை கொடுத்து இயக்கும் விளையாட்டுப் பொருட்கள், ஏன் காற்று வீசுவது கூட அந்தக் குழந்தைகளைப் பீதிக்குள்ளாக்கியதை அவர் ஒன்றுவிடாமல் எழுதினார். தூசு உறிஞ்சி வைக்கப்பட்டிருந்த அலுமாரிப் பக்கமே போகாத ஒரு குழந்தை, அந்தக் கருவி இயக்கப்படும்போது இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு வாகனத் தரிப்பிடத்துக்குள் ஓடி ஒளிந்துகொண்டது. அதேவேளை, இந்தக் குழந்தைகளில் சிலர் பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பார்க்காத காரணத்தால் செவிப்புலனற்றவர்கள் என்று முன்னர் கருதப்பட்டவர்கள். செவிடு என்று நினைக்கப்பட்ட குழந்தை சத்தத்துக்கு அஞ்சி ஓடுகிறது என்ற முரண்பாடு அந்த முதற் கட்டுரையிலேயே இருக்கிறது.

இதற்குக் கானர் அளித்த விளக்கமே எமது கவனத்துக்குரியது. அதே குழந்தைகள் தாமாக எழுப்பும் பேரிரைச்சலைக் கேட்டு மகிழ்வதை அவர் கண்டார். எனவே குழந்தை அஞ்சுவது சத்தத்துக்கு அல்ல, தனது தனிமைக்குள் வெளியுலகம் அத்துமீறி நுழைவதையே அது வெறுக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். தர்க்கரீதியாகப் பார்த்தால் நேர்த்தியான முடிவுதான். ஆனால், வலியைத் தரும் ஓர் அனுபவம் அதன் மூலம் மனப்பான்மை பற்றிய ஒரு குறிப்பாக மாறிப்போனது. கேட்டதைச் சொல்லுவதற்கு அந்தக் குழந்தைகளுக்கு வாய்ப்பு இருக்கவில்லை.

கானருக்கு அடுத்த வருடம், 1944இல், வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பேர்கர் தனது கட்டுரையை வெளியிட்டார். வெல்வெற்றும் பட்டும் பஞ்சும் உடலில் படுவதைச் சகிக்கமுடியாத குழந்தைகள், புதிய சட்டையின் முரட்டுத்தன்மையையும் தைத்துச் சீர்செய்த காலுறையையும் தாங்கமுடியாதவர்கள், கழுவும் தண்ணீரே சிலருக்குத் தொல்லையாக இருப்பது என்று அவர் எழுதியவை ஓட்டிசம் உள்ள பிள்ளையை வளர்க்கும் எந்தத் தாய்க்கும் உடனடியாகப் புரியக்கூடியவை. ஒரு சந்தர்ப்பத்தில் மிகைக் கூருணர்வுடன் இருக்கும் அதே குழந்தை இன்னொரு சந்தர்ப்பத்தில் எதையும் உணராதது போன்று இருப்பதையும் அவர் குறிப்பிட்டார். ஆனால், ஜேர்மன் மொழியில் யுத்த காலத்தில் வெளியான அந்தக் கட்டுரை நீண்டகாலமாக ஆங்கிலம் பேசும் உலகைச் சென்றடையவில்லை. பிரிட்டிஷ் உளமருத்துவர் லோர்னா விங் 1981இல் அதை அறிமுகம் செய்தார். முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பு 1991இல்தான் வந்தது. அஸ்பேர்கரின் பெயரைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் கொல்லப்பட்ட 'அம் ஸ்பீகல்குறுண்ட்' நிலையத்துக்கு அவர் குழந்தைகளை அனுப்பிவைத்ததை 2018ஆம் ஆண்டில் வெளியான ஆவண ஆய்வுகள் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. குழந்தையின் தோலின் வேதனையைக் கூர்ந்து கவனித்த அதே மருத்துவர் அவ்வாறு நடந்துகொண்டமை வரலாற்றின் கசப்பான பாடம்.

போருக்குப் பின்னரான காலப்பகுதி தாய்மாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய காலப்பகுதியாகும். பெற்றோரின் பாச வறட்சியே குழந்தையை ஒடுங்கவைத்தது என்ற கருத்து உளப்பகுப்பாய்வாளர்கள் மத்தியில் செல்வாக்குப் பெற்றது. 'குளிர்சாதனப் பெட்டித் தாய்' என்ற கொடூரமான சொற்றொடர் அப்போதுதான் பிறந்தது. நாஸிகளின் தடுப்பு முகாம்களில் இருந்து உயிர்தப்பி சிக்காகோவில் சிறுவர் நிலையமொன்றை நடத்திய புறூனோ பெற்றல்ஹைம், 1967இல் வெளியிட்ட நூலில் ஓட்டிசக் குழந்தைகளின் நிலையை முகாம் கைதிகளின் நிலையுடன் ஒப்பிட்டார். அந்த ஒப்பீட்டில் முகாம் காவலரின் இடத்துக்கு யார் வருகிறார்கள் என்பதை விளக்கவேண்டியதில்லை. அணைக்கும்போது உடலை விறைப்பாக்கித் திமிறும் குழந்தையைத் தூக்கிவைத்திருந்த தாயிடம், உன்னிடம் அன்பில்லை என்று சொல்லப்பட்டது. அணைப்பின் அழுத்தமே குழந்தைக்குத் தாங்கமுடியாததாக இருக்கக்கூடும் என்பதை எவரும் அவளுக்குச் சொல்லவில்லை. பெற்றோர் மீதான பழியைத் தூண்டிவிட்டவர்களில் ஒருவராகக் கருதப்பட்ட கானர், 1969இல் வாஷிங்டனில் நடைபெற்ற பெற்றோர் மகாநாட்டில் அவர்களைக் குற்றத்தில் இருந்து விடுவிப்பதாக அறிவித்தார். அதற்குள் ஒரு தலைமுறைத் தாய்மார் அந்தப் பழியைச் சுமந்து முடித்துவிட்டனர்.

அந்த இருண்ட காலத்திலும் வேறு திசையில் சிந்தித்தவர்கள் இருந்தார்கள். போல் பேர்க்மன், சிபில் எஸ்கலோனா என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1949இல் ஒலி, ஒளி, நிறம், மணம், தொடுகை ஆகியவற்றுக்கு அசாதாரண கூருணர்வு கொண்ட ஐந்து குழந்தைகளைப் பற்றி எழுதினர். வெளியுலகத் தாக்கங்களில் இருந்து காக்கும் திரை அந்தக் குழந்தைகளிடம் மிக மெல்லியதாக இருக்கக்கூடும் என்பது அவர்களது ஊகம். 1961இல் பிரிட்டனில் மில்ட்றெட் கிறீக் தலைமையிலான குழு வகுத்த ஒன்பது அம்சங்களில் அசாதாரண புலனுணர்வு ஓர் அம்சமாக இடம்பெற்றிருந்தது. ஓட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பேர்னாட் றிம்லான்ட் 1964இல் வெளியிட்ட நூல், காரணத்தைத் தாயின் மடியில் தேடுவதை விடுத்து மூளையில் தேடுமாறு வலியுறுத்தியது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் எட்வேர்ட் ஓர்னிற்ஸ், எட்வேர்ட் றிற்வோ ஆகிய இருவரும் 1968இல் இன்னும் ஒரு படி முன்சென்று, புலனுணர்வைச் சீராக வைத்திருக்க முடியாமையே இந்த நிலையின் மையம் என்று வாதிட்டனர்.

ஆனால், சிகிச்சை அறைகளில் நடந்தது வேறு. அமெரிக்காவின் புகழ்பெற்ற 'லைஃப்' சஞ்சிகை 1965 மே மாதத்தில் ஐவர் லோவாஸ் என்ற உளவியலாளரின் சிகிச்சை முறையைப் படங்களுடன் பிரசுரித்தது. ஓட்டிசக் குழந்தைகளின் நடத்தையைத் திருத்துவதற்கு அங்கு அதட்டலும் அறையும் மின்னதிர்ச்சியும் பயன்படுத்தப்பட்டன. கைகளை அசைத்தல், உடலை முன்னும் பின்னும் ஆட்டுதல் போன்றவை ஒழிக்கப்படவேண்டிய நடத்தைகளாகக் கருதப்பட்டன. மிதமிஞ்சிய உணர்வுகளுக்கு மத்தியில் தன்னைத் தானே நிலைப்படுத்திக்கொள்ளக் குழந்தை கண்டுபிடித்த வழியாகவும் அவை இருக்கலாம் என்ற எண்ணத்துக்கு அப்போது இடமிருக்கவில்லை. ஏற்கெனவே சத்தத்தாலும் தொடுகையாலும் வதைபடும் ஒரு குழந்தைக்கு மேலும் சத்தமும் மேலும் அடியும் மருந்தாகக் கொடுக்கப்பட்டதை இன்று வாசிக்கும்போது மனம் கனக்கிறது.

இந்தப் பின்னணியில் ஜீன் ஏர்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியின் பங்களிப்பு முக்கியமானது. அவர் மருத்துவர் அல்ல, தொழில்வழிச் சிகிச்சையாளர். குழந்தைகளுடன் தரையில் அமர்ந்து வேலைசெய்யும் தொழில் அது. கண், காது ஆகியவற்றுடன் மாத்திரம் நின்றுவிடாமல் தொடுகை, உடற்சமநிலை, மூட்டுகளும் தசைகளும் தரும் உணர்வு ஆகிய எல்லாவற்றையும் மூளை ஒருங்கிணைக்கவேண்டும் என்றும், அந்த ஒருங்கிணைப்பில் ஏற்படும் இடர்ப்பாடே பல குழந்தைகளின் நடத்தைக்குக் காரணம் என்றும் அவர் 1972இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். 1979இல் பெற்றோருக்காகவே ஒரு நூலை எழுதினார். அவரது கோட்பாட்டின் சில பகுதிகள் பற்றி இன்றுவரை விவாதம் தொடருகிறது. ஆயினும், இந்தக் குழந்தை எவ்வாறு நடந்துகொள்கிறது என்ற கேள்வியை, இந்தக் குழந்தை எதை உணருகிறது என்ற கேள்வியாக மாற்றியவர்களில் அவருக்கு முதன்மையான இடமுண்டு.

கேள்வி மாறினாலும் பதில் சொல்லவேண்டியவர்கள் இன்னமும் பேசவில்லை. அது நிகழ்ந்தது 1986இல். ஓட்டிசம் உள்ளவரும் கால்நடை விஞ்ஞானியாக உயர்ந்தவருமான டெம்பிள் கிறாண்டின் தனது சுயசரிதையை அந்த வருடம் வெளியிட்டார். மற்றவர்களின் அணைப்பை விரும்பிய போதிலும் அது பெருவெள்ளம் போல் வந்து தன்னை மூழ்கடித்ததை அவர் விபரித்தார். அரிசோனாவில் உறவினரின் பண்ணையில், ஊசி ஏற்றும்போது மாடுகளை இருபுறமும் மெதுவாக நெருக்கும் பொறிக்குள் அவை அமைதியடைவதைக் கண்ட அவர், தனக்கென அத்தகைய ஒரு கருவியை இளவயதிலேயே வடிவமைத்துக்கொண்டவர். அந்த அழுத்தத்தின் அளவு அவரது கையிலேயே இருந்தது என்பதை வாசகர்கள் மனதிற்கொள்ளவேண்டும். அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த டொனா வில்லியம்ஸின் நூல் 1992இல் வந்தது. அதே வருடம் ஜிம் சிங்கிளேர் உள்ளிட்டோர் ஓட்டிசம் உள்ளவர்களே நடத்தும் அமைப்பொன்றைத் தொடங்கினர். ஒருவருடன் பேசலாமா கூடாதா என்பதை நிற அட்டை மூலம் தெரிவிக்கும் வழக்கம் அவர்கள் 1996 முதல் நடத்திய ஒன்றுகூடல்களில் பிரபல்யம் பெற்றது.

ஆக, 1943இல் தொடங்கிய செய்தியில் சம்பந்தப்பட்டவர்களின் தரப்பு சேர்க்கப்படுவதற்கு நான்கு தசாப்தங்களுக்கு மேல் சென்றன. அதற்குப் பின்னரும் நிறுவனங்கள் அவசரப்படவில்லை. அமெரிக்க உளமருத்துவ சங்கத்தின் நோய் நிர்ணயக் கைநூல் 1994ஆம் ஆண்டுப் பதிப்பிலும் புலனுணர்வுப் பிரச்சினையைச் சார்ந்த அம்சமாக மாத்திரமே குறிப்பிட்டது. பிரிட்டனில் சூசன் லீகமும் சகாக்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, தாம் பரிசீலித்த ஓட்டிசக் குழந்தைகளில் 90 சதவீதத்துக்கும் அதிகமானவர்களிடம் புலனுணர்வு வேறுபாடுகள் இருந்ததாகக் கூறியது. 2013 மே மாதத்தில் வெளியான ஐந்தாவது பதிப்பில்தான் மிகைக் கூருணர்வும் குறைக் கூருணர்வும் நோய் நிர்ணய அளவுகோல்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. உலக சுகாதார நிறுவனத்தின் 2022இல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாடும் அதை ஏற்றுக்கொண்டது.

கானரின் புதிருக்கு என்ன நடந்தது? தான் எழுப்பும் சத்தத்தில் மகிழும் குழந்தை மற்றவர் எழுப்பும் சத்தத்துக்கு ஏன் அஞ்சுகிறது? எலிசபெத் பெல்லிகானோ, டேவிட் பேர் ஆகிய ஆய்வாளர்கள் 2012இல் முன்வைத்த கருதுகோள் இங்கு துணைசெய்கிறது. அடுத்து என்ன வரும் என்பதை முன்னனுபவத்தைக் கொண்டு மூளை எப்போதும் ஊகித்தவண்ணம் இருக்கிறது. ஊகித்தது வந்தால் அதன் தாக்கம் குறைகிறது. ஓட்டிசத்தில் அந்த முன்னூகத்தின் வலு குறைவாக இருக்கலாம் என்பதால் ஒவ்வொரு சத்தமும் புத்தம்புதிதாக வந்து மோதுகிறது என்பது அவர்களது வாதம். தானாகக் கதவை அறையும் குழந்தைக்கு அந்தச் சத்தம் எப்போது வரும், எப்போது நிற்கும் என்பது தெரியும். தூசு உறிஞ்சியை இயக்குபவர் வேறொருவர். கானர் கண்ட காட்சி சரியானது. அதைத் தனிமை விருப்பமாக வாசிக்காமல், எதிர்பாராததன் சுமையாக வாசிக்கவும் இடமிருந்தது என்பதே எனது எண்ணம். 2015இல் ஷூலமைற் கிறீன் தலைமையில் கலிபோர்னியாவில் நடத்தப்பட்ட மூளைப் படப்பிடிப்பு ஆய்வும் இங்கு கவனத்துக்குரியது. கூருணர்வு மிகுந்த ஓட்டிசச் சிறுவர்களின் மூளையில், அச்சத்துடன் தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதி, சத்தமும் தொடுகையும் மீண்டும் மீண்டும் வந்தபோதும் பழகி அடங்கவில்லை என்று அது காட்டியது. 'பழகப் பழகச் சரிவரும்' என்று பிள்ளையைப் பலவந்தமாக இரைச்சலுக்குள் தள்ளுபவர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

அதேவேளை, புரிதல் வளர்ந்த வேகத்தில் சிகிச்சையும் வளர்ந்துவிட்டது என்று எவரும் வாக்குறுதி அளிக்கமுடியாது. பாரம் கூட்டிய போர்வை ஓட்டிசக் குழந்தைகளின் தூக்கத்தை மேம்படுத்தவில்லை என்று 2014இல் பிரிட்டனில் வெளியான பரிசோதனை காட்டியது. ஆனாலும் குழந்தைகளும் பெற்றோரும் அதை விரும்பினார்கள். ஏர்ஸின் வழிவந்த புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சை சிறிய ஆய்வுகளில் பயன் தந்தது. எனினும், 138 சிறுவர்களைக் கொண்டு பிரிட்டனில் நடத்தப்பட்டு 2022இல் வெளியிடப்பட்ட பரிசோதனையில் அது வழமையான பராமரிப்பைவிடச் சிறந்ததாக நிரூபிக்கப்படவில்லை. பெருந்தொகைப் பணத்தைப் பெற்றுக்கொண்டு குணப்படுத்துவதாக விளம்பரம் செய்பவர்களை நாடும் பெற்றோர் இந்த விபரங்களை அறிந்திருக்கவேண்டும். பணம் அதிகம் தேவைப்படாத வழி சூழலை மாற்றுவதாகும். 2016இல் மான்செஸ்ரர் நகரின் பல்பொருள் அங்காடி ஒன்று, இசையையும் திரைகளையும் நிறுத்தி அமைதியான ஒரு மணித்தியாலத்தை அறிமுகப்படுத்தியது. மறுவருடம் பிரிட்டனின் தேசிய ஓட்டிச சங்கம் அதை நாடளாவிய திட்டமாக்கியது.

இலங்கைக்கு வருவோம். பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் சகாக்களும் கொழும்பை அண்டிய பகுதியில் 18 முதல் 24 மாத வயதுடைய குழந்தைகளைப் பரிசோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதாகக் கணித்தது. 374 குழந்தைகளை மாத்திரமே கொண்ட சிறிய ஆய்வு என்பதால் அதை முழு நாட்டுக்கும் பொருத்திவிட முடியாது. ஆனால், இது வெளிநாட்டுப் பிரச்சினை என்று ஒதுக்குவதற்கு இனிமேல் இடமில்லை.

வடக்கு, கிழக்கில் காதைப் பொத்திக்கொண்ட பிள்ளையிடம் எவரும் காரணம் கேட்டதில்லை. விமானம் வந்தது, எறிகணை விழுந்தது, எல்லோரும் பொத்திக்கொண்டோம். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் வந்த மரணத்துக்கே நாம் அஞ்சினோம். ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கோ பின்னால் எதுவும் வரவேண்டியதில்லை, சத்தமே காயப்படுத்தப் போதும். யுத்தம் 2009இல் முடிந்துவிட்டது. திருவிழாவின் ஒலிபெருக்கியும் தேர்தல் வெற்றியின் வெடியும் பாடசாலை மண்டபத்தின் இரைச்சலும் முடியவில்லை. உச்ச நீதிமன்றம் 2007 நவம்பரில் இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிப் பாவனைக்குக் கட்டுப்பாடு விதித்துத் தீர்ப்பளித்தபோது, சத்தம் ஒரு பிரஜையின் உரிமையைப் பாதிக்கும் என்ற கோட்பாட்டை நாடு ஏற்றுக்கொண்டது. மாற்றுத்திறன் காரணமாகக் கல்வி நிறுவன அனுமதியில் எவருக்கும் பாரபட்சம் காட்டக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. அனுமதித்த பிறகு அந்தப் பிள்ளை வகுப்பறையில் இருக்கக்கூடியதாக இருக்கிறதா என்பதைச் சட்டம் வந்து பார்க்கப்போவதில்லை. அதிபரும் ஆசிரியருமே பார்க்கவேண்டும். பாடசாலை மணிக்கு முன்னர் பிள்ளைக்கு ஒரு சைகை, மின்விசிறிக்கும் வாசலுக்கும் தூரமான ஓர் இருக்கை, தாங்கமுடியாதபோது சென்று அமர்வதற்கு ஓர் அமைதியான மூலை, காதை மூடும் கருவியைப் பறிக்காமல் விடுவது ஆகியவற்றுக்கு வெளிநாட்டு நிதி உதவி தேவையில்லை.

எழுத்தறிவில் பெருமைகொள்ளும் எமது சமூகம் ஒரு குழந்தையின் செய்கையை வாசிப்பதற்கும் கற்றுக்கொள்ளவேண்டும். கடையிலோ, கோவில் வீதியிலோ, பஸ்ஸிலோ ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அலறும்போது அதன் தாயை முறைத்துப் பார்ப்பதற்கு முன்னர், சற்று ஒதுங்கி வழிவிடுவதும், சத்தத்தைக் குறைக்கச் சொல்வதும் எம் எவராலும் செய்யக்கூடியவையே. மருத்துவ உலகுக்கு 70 வருடங்கள் தேவைப்பட்டன. அந்தத் தாமதத்தின் விலையைக் கொடுத்தவர்கள் குழந்தைகளும் தாய்மாரும்தான். எமது பங்குக்கு நாமும் அவர்களிடம் மேலும் காலம் கேட்பதில் நியாயமில்லை.